மேடையில் கிதார் கவர்: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் ராக் கச்சேரிக்கு வரும் கூட்டத்தில் இப்போது கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம். கடலூர் பஸ்ஸுக்கு நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டே கடைசிப் பாட்டுவரை நிற்கிறவர்களும் உண்டு. ஜூன் 21 வந்தால் ஃபெத் த லா மியூசிக். 1982-இல் பிரான்சில் தொடங்கிய வழக்கம், நம் ஊரிலும் தெருவில் நின்று வாசிக்கிற நாளாக ஒட்டிக்கொண்டது. மற்ற நாட்களில் ஏதாவது ஒரு கஃபேயின் மொட்டை மாடி, இல்லையென்றால் ஆரோவில் பக்கம் ஓர் அரங்கு. எங்கே போனாலும் வாசிப்பதில் பெரும்பங்கு கவர்தான், அதாவது இன்னொருவர் வெளியிட்ட பாட்டை எடுத்து வாசிப்பது.

நான் கிதார் சொல்லிக்கொடுக்கிறேன். சின்னக் கச்சேரிகளுக்கு, ஒலி அளவுகளைச் சரிசெய்யும் மிக்சரிலும் உட்காருகிறேன். கூட்டத்துக்கு நடுவில் உட்காருவதால் வாசிப்பும் காதில் விழுகிறது, அதைப் பற்றிய பேச்சும் விழுகிறது. நாங்கள் கேட்கத் தொடங்கிய காலத்தில் என்னென்ன செய்தோமோ, அதையே இந்தப் பிள்ளைகளும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். செல்போனைத் தூக்கிப் பின்னால் நிற்பவரை மறைப்பது, பாட்டுக்கு மேல் கத்திப் பேசுவது போன்றவற்றை எழுத வேண்டியதில்லை. தப்பு என்று செய்கிறவருக்கே தெரியும். நல்ல ரசனை என்று நினைத்துச் செய்கிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேகத்தை மட்டும் பார்ப்பது

விரல் ஓடுகிற வேகம் கண்ணுக்கு முதலில் தெரியும், அதனால் கைதட்டலும் அதற்கே முதலில் விழும். ஆனால் வேகத்தை, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் வைத்துப் பழகிப் பழகி ஏற்றிவிடலாம். ஒரே ஒரு நோட்டை, அதாவது ஸ்வரத்தை, பெண்ட் செய்து சரியான சுருதியில் கொண்டுபோய் நிறுத்துவது அப்படி வராது. கம்பியைத் தள்ளிக்கொண்டு போகும்போது எங்கே நிற்க வேண்டும் என்று கிதார் கழுத்தில் குறுக்கே பதித்த எந்த ஃப்ரெட்டும் சொல்லாது, காதுதான் சொல்ல வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த நோட்டை அசைக்கிறாரே, வைப்ரேட்டோ, அதில்தான் ஆள் தெரிவார். சிலர் உடனே அசைப்பார்கள், சிலர் ஒரு கணம் நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடங்குவார்கள். அடுத்த முறை சோலோ, அதாவது கிதார் தனித்து முன்னால் வரும் இடம், வரும்போது விரலைப் பார்க்காமல் நீளமான நோட்டுகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நாளில், திரும்பிப் பார்க்காமலேயே வாசிப்பவர் யார் என்று சொல்லிவிடுவீர்கள்.

ரெக்கார்டை வைத்து மார்க் போடுவது

எத்தனை வருஷமானாலும் எனக்கு எரிச்சல் தருகிற தவறு இதுதான். வாசித்தவர் கிதாரைக் கழற்றி ஸ்டாண்டில் வைப்பதற்குள் ஒருவர் வந்து நிற்பார். "சூப்பர்ணா. ஆனா ஒரிஜினல்ல அந்த இடம் வேற மாதிரி வரும்ல?" கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. பாட்டை அத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று காட்டிக்கொள்ளும் ஆசைதான். ஆனால் அந்த ஒரு கேள்வி வாசித்தவரை என்ன செய்கிறது என்று கேட்டவருக்குத் தெரிவதில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. நாமெல்லாம் திருவிழா மேடையிலும் கல்யாண வரவேற்பிலும் மெல்லிசைக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்கள். "அப்படியே ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சு" என்பதுதான் அங்கே மிகப் பெரிய பாராட்டு. அங்கே அது நியாயமான அளவுகோலும்கூட. இசையமைப்பாளர் எழுதிக்கொடுத்த இடையிசையை ஒரு நோட்டு பிசகாமல் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால் நாம் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. ஒரே தியாகராஜ கீர்த்தனையை இரண்டு வித்வான்கள் வாசித்தால், இவர் ஏன் அவரைப் போல ஸ்வரம் போடவில்லை என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. ராக் கவரை அந்தக் காதால் கேட்க வேண்டும்.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1967 டிசம்பரில் வெளியிட்ட ஆல்பத்தில் 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' ஓர் அடக்கமான பாட்டு. அக்கவுஸ்டிக் கிதார், மவுத் ஆர்கன், பின்னால் பேஸும் டிரம்ஸும், அவ்வளவுதான். மூன்றே கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு, சுற்றிச் சுற்றி வரும். 1968-இல் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதை எடுத்து வாசித்தபோது அந்த மூன்று கார்டையும் வரிகளையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றிவிட்டார். அப்புறம் டிலனே மேடையில் அந்தப் பாட்டை ஹென்ட்ரிக்ஸ் போக்கில் பாட ஆரம்பித்தார். எழுதியவரே கவரின் பக்கம் சாய்ந்துவிட்ட பாட்டு அது. இன்று அதை மொட்டை மாடியில் வாசிக்கும் பையனிடம் 'ஒரிஜினல்' என்று ரசிகர் பேசுவது ஹென்ட்ரிக்ஸ் செய்த கவரைத்தான்.

அந்த ரெக்கார்டில் இருக்கும் நீண்ட சோலோவைக் கவனித்துக் கேளுங்கள். முதலில் நேரான லீட், அடுத்து கம்பிமேல் குழாயை வழுக்கவிடும் ஸ்லைடு, அடுத்து காலால் மிதித்து ஒலியை மாற்றும் வா-வா பெடல், கடைசியில் கார்டுகளாகவே அடித்து முடிப்பார். ஸ்டுடியோவில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பதிந்தது அது. 1970-இல் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் விழாவில் பேஸ், டிரம்ஸ் மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு அவரே இதே பாட்டை வாசித்தார். அது ரெக்கார்டில் உள்ள சோலோ இல்லை. ஹென்ட்ரிக்ஸே நகலெடுக்காத ஒன்றை நம் ஊர்ப் பையன் நகலெடுக்கவில்லை என்று குறை சொல்வதில் என்ன நியாயம்?

லாஸ்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறான். பகலெல்லாம் வேலை, இரவில் கிதார். ஒரு மொட்டை மாடிக் கச்சேரியில் இதே பாட்டை எடுத்தான். அன்றைக்குப் பாடகருக்குத் தொண்டை சரியில்லை. அதனால் ஸ்கேலை ஒரு முழு ஸ்வரம் கீழே இறக்கிக்கொண்டார்கள். ஸ்கேல் இறங்கினால் கிதாரில் பிடிக்கிற இடமெல்லாம் மாறும். திறந்த கம்பியை ஒலிக்கவிட்ட இடத்தில் இப்போது விரல் வைத்தாக வேண்டும். அந்தச் சிக்கலையே அவன் வழியாக்கிக்கொண்டான். சோலோவைத் தடிமனான கம்பிகளில் தொடங்கினான். முதல் சுற்று முழுக்க மூன்று நோட்டுதான், நடுவில் நிறைய இடம். இரண்டாவது சுற்றில் சுண்டுவிரலால் வால்யூம் குமிழை மெல்லத் திருப்பிக்கொண்டே போனான். டிரம்மர் அந்த விரலைப் பார்த்துவிட்டு ஜோடித் தட்டான ஹை-ஹேட்டை விட்டுப் பெரிய தட்டான ரைடு சிம்பலுக்கு மாறினான். அடுத்த சுற்றில் ஒரு பெண்ட் மேலே ஏறியது. பாடகர் மைக்கிலிருந்து தள்ளி நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மிக்சரில் எதையும் தொடவில்லை.

பாட்டு முடிந்ததும் ஒரு ரசிகர் செல்போனோடு வந்தார். இயர்ஃபோனின் ஒரு முனையை இவனிடம் நீட்டி, "அண்ணா, இதக் கேளுங்க, இங்க இப்படித்தான் வரும்" என்றார். இவனும் மரியாதைக்குக் கேட்டுவிட்டு, "சரிப்பா, அடுத்த தடவ பாத்துக்கிறேன்" என்றான்.

பார்த்துக்கொள்ளவும் செய்தான். அடுத்த கச்சேரிக்கு ரெக்கார்டு சோலோவின் அந்த நாலு பகுதியையும் டேப் (விரல் வைக்கும் இடத்தை எண்ணால் எழுதிய குறிப்பு) பார்த்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தான். வாசிக்கும்போது கண் பெடல்களிலேயே இருந்தது. டிரம்மர் பதில் சொல்ல எங்கும் இடமில்லை. கூட்டம் முன்பைவிடப் பலமாகக் கைதட்டியது. இப்போதும் அவன் அப்படித்தான் வாசிக்கிறான். நான் கேட்டால், "எதுக்குண்ணே, தப்புன்னு சொல்றாங்க" என்கிறான். சொந்தமாக ஒன்று வரத் தொடங்கிய கையை ஓர் இயர்ஃபோன் நிறுத்திவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை.

அப்படியென்றால் குறையே சொல்லக் கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். சுருதி சேராமல் வாசித்தால் குறைதான். கார்டு தவறினால், திரும்பத் திரும்ப வரும் ரிஃபை அரைகுறையாகப் பிடித்தால், பாட்டுக்குச் சம்பந்தமில்லாத லிக்குகளை, அதாவது பழகிய துண்டு வாசிப்புகளைக் கோத்துக்கொண்டே போனால் குறைதான். கூட்டமே கூடச் சேர்ந்து முணுமுணுக்கிற அளவுக்குப் பாட்டோடு ஒட்டிப்போன சோலோக்கள் சில இருக்கின்றன. அவற்றை மாற்றி வாசிக்கிறவர் நமக்கு ஈடாக ஒன்றைத் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரிதான். ஆனால் ரெக்கார்டில் இருப்பதையெல்லாம் ஒரு கிதாரிடம் கேட்காதீர்கள். அங்கே ஒரே ரிஃபை இரண்டு முறை பதிந்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வைத்திருப்பார்கள். பாட்டு முடிவில் சத்தம் தானாகத் தேய்ந்து மறையும். மேடையில் அதற்கு ஒரு முடிவைக் கண்டுபிடித்தாக வேண்டும். அந்த முடிவை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். கவரின் தரம் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

பாடகர் இல்லையே என்று குறைப்படுவது

கிதாரே பாட்டைப் பாடுகிற கவர் தனி வகை. 2007-இல் லண்டன் ரானி ஸ்காட்ஸ் கிளப்பில் பிரிட்டிஷ் கிதார் கலைஞர் ஜெஃப் பெக் வாசித்துப் பதிவான 'எ டே இன் த லைஃப்' இதற்கு நல்ல உதாரணம். பீட்டில்ஸின் 1967 ரெக்கார்டில் குரல் வருகிற இடத்தைக் கிதாரே எடுத்துக்கொள்ளும். 40 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா எழுப்பிய அந்த ஏற்றத்தை நாலே பேர் சேர்ந்து மேலே கொண்டுபோவார்கள். பெக் கம்பி மீட்டும் சிறு தகடான பிக் வைத்துக்கொள்ளாமல் விரலால் மீட்டுவார். வால்யூம் குமிழும், சுருதியை ஏற்றி இறக்கும் வாமி பாரும் கைக்குள்ளேயே இருக்கும். ஒரு சொல் எங்கே இழுக்கும், எங்கே அறுந்து நிற்கும் என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். அந்த வாசிப்புக்கு 2010-இல் கிராமி கிடைத்தது. இந்த வகைக் கவரைக் கேட்கும்போது வரிகளை மனதுக்குள் பாடிக்கொண்டே கேளுங்கள். வாசிப்பவர் எங்கே மூச்சு விடுகிறார் என்பது பிடிபடும்.

சத்தம் சரியில்லை என்றால் கிதார்காரரைத் திட்டுவது

நீங்கள் நிற்கிற இடம் சரியா என்று முதலில் பாருங்கள். கிதார் ஒலியைப் பெருக்கும் ஆம்பின் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நின்றால் காதைக் கிழிக்கும். நாலடி பக்கவாட்டில் நகர்ந்தால் அதே கிதார் மந்தமாகக் கேட்கும். சின்ன இடங்களில் குரல் பெரிய ஸ்பீக்கரிலும் கிதார் பெரும்பாலும் ஆம்பிலிருந்து நேராகவும் வரும். அதனால் மேடைக்கு ஒட்டி நிற்பவருக்குக் குரலே கேட்காது. மிக்சருக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கள். அங்கே கேட்பதை வைத்துத்தான் அளவு வைக்கிறோம்.

நம் ஊர்க் காற்று வேறு. ஏசி அறையில் சுருதி சேர்த்த கிதாரை மாடிக்குக் கொண்டுவந்தால் வெக்கையில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து ஒலி மங்கும். இரண்டு பாட்டுக்கு நடுவில் அவர் குனிந்து ட்யூன் பண்ணுவது உங்களுக்காகத்தான். அந்த நேரத்தில் "சீக்கிரம்ணா" என்று விரட்டாதீர்கள்.

செல்போன் கிளிப்பைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது

பெரிய சத்தத்தைச் செல்போன் தானாகவே அமுக்கிவிடும். அதை வைத்து டோனைப் பற்றிப் பேசாதீர்கள்.

பட்டியலில் இல்லாத பாட்டைக் கேட்டுக் கத்துவது

ஒத்திகை பார்த்ததைத்தான் வாசிப்பார்கள்.

பேஸையும் டிரம்ஸையும் மறந்துவிடுவது

சோலோ நன்றாக இருந்தது என்றால் பின்னால் இருவர் அதைத் தாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கவர் சோலோவை நீட்டி வாசிக்கும்போது எப்போது முடியும் என்று அவர்களுக்கும் முன்கூட்டித் தெரியாது. கண்ணசைவிலும் தலையசைவிலும்தான் போகும். ஒரு பாட்டை முழுக்க பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கிதார்காரர் ஏன் அந்த இடத்தில் ஏறினார், ஏன் அங்கே விட்டுக்கொடுத்தார் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கும். கைகொடுக்கும்போது அந்த இருவருக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

"செம" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது

பாராட்ட வந்தவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாசித்தவருக்கு அதனால் எதுவும் புரிவதில்லை. எது பிடித்தது, எதை வளர்க்கலாம் என்று தெரியாது. எந்த இடம் என்று சொல்லுங்கள். "ரெண்டாவது சரணத்துக்கு அப்புறம் டிரம்ஸ் நின்னப்ப நீங்க ஒத்த நோட்ட இழுத்தீங்களே, அது" என்றால் போதும். பெயர் தெரியாத உத்தியாக இருந்தாலும் பரவாயில்லை, இடம் சொன்னால் அவருக்குப் புரியும். ரெக்கார்டில் இல்லாத எதையாவது அவர் செய்து அது உங்களுக்குப் பிடித்திருந்தால் கட்டாயம் அதைச் சொல்லுங்கள். அடுத்த கச்சேரியில் அதை வைத்துக்கொள்ளலாமா என்ற குழப்பத்தில்தான் அவர் இருப்பார். ஸ்கேலை ஏன் இறக்கினீர்கள், எந்தப் பெடல் என்றும் கேட்கலாம், யாரும் மறைக்க மாட்டார்கள். கேபிளைச் சுருட்டி, பெடல்களைப் பெட்டியில் வைத்து, ஆம்பைக் கீழே இறக்குகிற வரைக்கும் பொறுத்திருந்து கேளுங்கள். முடிந்தால் ஆம்பின் ஒரு பக்கம் கை கொடுங்கள்.