கினிப் பன்றி சாப்பிடத் தொடங்கிய இரவு

வெள்ளவத்தைத் தொடர்மாடிக்குக் கொண்டுவந்த முதல் நாள், கினிப் பன்றி கூட்டின் மூலையில் கல்லுப் போல இருந்தது. கரட், வெள்ளரிக்காய், எதையும் மோந்துகூடப் பார்க்கவில்லை. மகளோ அரை மணிக்கொருக்கால் தூக்கித் தூக்கிக் கொஞ்சினாள். பிழை அங்கேதான்.

மிருக வைத்தியருக்கு அழைத்தேன். “அதின்ர குடல் ஓயாமல் வேலை செய்யவேணும். 12 மணித்தியாலம் ஒண்டும் தின்னாட்டி உடன கொண்டு வாங்கோ” என்றார். வயிற்றில் புளி கரைத்தது.

காலி வீதிப் பஸ் ஹோர்ன் கேளாத பின்னறைக்குக் கூட்டை மாற்றினேன். பிஸ்கட் பெட்டியொன்றில் இரண்டு வாசல் வெட்டி உள்ளே வைத்தேன். ஒரு வாசல் போதாது. பயந்தால் மறுபக்கத்தால் ஓட வழி வேண்டும். தூக்குவதற்கு மகளுக்குத் தடை!

கடைக்காரர் தந்த விதைக் கலவையை ஒதுக்கினேன். இதற்குப் பிரதான உணவு புல்தான். வீதியோரப் புல்லில் நாய் மூத்திரமும் வாகனப் புகையும். ஆகவே தெஹிவளையில் மாமி வீட்டு வளவில் கினிப்புல் அறுத்து, கழுவி, ஈரம் போக உலர்த்திப் பெட்டி வாசலில் போட்டுவிட்டு விளக்கை அணைத்தேன். ஒன்பது மணிபோல இருட்டுக்குள் கறுக் கறுக்கென்று சத்தம். அப்பாடா!

நம்மைப் போலவே இதன் உடம்பும் விற்றமின் சி தயாரிக்காது. அதனால் தினமும் ஒரு துண்டு குடைமிளகாய். வெக்கை கூடினால் உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி வைக்கிறேன். சமையலறைத் தராசில் நிறையும் பார்க்கிறேன். மனைவிக்கு அதுதான் கோபம்.