பூட்டிய கதவும் ஒரு தொலைபேசி எண்ணும்

குடியை நிறுத்த 15 நாள் சிகிச்சை முடிந்து வீடு திரும்பினேன். கை நடுக்கம் நின்றிருந்தது; மாலை ஆறு மணிக்கு வரும் தவிப்பு மட்டும் நிற்கவில்லை. குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின் கூட்டத்துக்குப் போகச் சொல்லியிருந்தார் மருத்துவர். தெரிந்தவர் கொடுத்த முகவரிக்குப் போனால் கதவில் பூட்டுத் தொங்கியது. கூட்டம் இடம் மாறி வெகுநாளாகிவிட்டதாம். திரும்பும் வழியில் டாஸ்மாக். அதைத் தாண்டி நடந்த அந்த நூறு அடியை நான் மறக்கவே மாட்டேன்.

மறுநாள் சிகிச்சை தந்த ஆலோசகரிடமே கேட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது அதுதான். குழுவில் இருக்கும் ஓர் அண்ணனின் எண்ணைக் கொடுத்தார். அழைத்தேன். "சாப்பிட்டீர்களா தம்பி? பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன், வந்துவிடுங்கள்" என்றார் அந்த அண்ணன்.

ஒரு பள்ளி வகுப்பறை. சின்னப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழிக்கப்படாமல் இருந்தது. கட்டணம் இல்லை, விரும்பினால் காணிக்கை போடலாம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது இது. அன்று நான் வாயே திறக்கவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டத்துக்கு இப்போது என் மனைவி போகிறாள்.

தேடுபவர்கள் கிளம்பும் முன் நாளையும் இடத்தையும் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள். கேட்க ஆளில்லை என்றால் 14446, மத்திய அரசின் இலவச உதவி எண். தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் சட்டென்று நிறுத்த வேண்டாம், வலிப்பு வரக்கூடும்.