மீண்டும் கல்லூரிக்குச் சென்று பிட்னஸ் பயிற்சியாளர் ஆவது எப்படி? குமரி மாவட்டத்தினருக்கான செய்முறை விளக்கம்

பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவர்களும், ஏதோ ஒரு பட்டம் பெற்று வளைகுடா நாடுகளில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களும், "ஜிம்மில் நன்றாகப் பயிற்சி செய்கிறேன், இதையே தொழிலாக்கிக்கொள்ளலாமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் நம் உடம்பை வளர்க்கத் தெரிவதும், சர்க்கரை நோயுள்ள ஐம்பது வயதுக்காரரின் உடம்பைப் பொறுப்பேற்றுக்கொள்வதும் வெவ்வேறு திறமைகள். இரண்டாவது திறமைக்கு முறையான படிப்பு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முப்பது வயதைக் கடந்தவரும் அதைப் படிக்க முடியும்.

முதல் படி: யாருக்குப் பயிற்சி அளிக்கப்போகிறீர்கள்?

இதை முடிவு செய்த பிறகே கல்லூரியைத் தேட வேண்டும். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக விரும்பினால், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் ஒப்புதல் பெற்ற கல்லூரியில் இரண்டு ஆண்டு பி.பி.எட். (உடற்கல்வியியல் இளநிலைப் பட்டம்) படிப்பதே வழக்கமான வழி. கபடி, கால்பந்து, தடகளம் போன்ற ஒரு விளையாட்டில் வீரர்களை உருவாக்க விரும்பினால், 1961-இல் பாட்டியாலாவில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயத்துக்கு மதிப்பு அதிகம். ஜிம்மிலோ வீடுகளிலோ பொதுமக்களுக்குப் பயிற்சி அளிப்பதற்குப் பட்டம் கட்டாயம் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. ஆயினும் இந்த மூன்றாவது வழியில் செல்பவருக்கும் ஒரு பட்டப்படிப்பையே நான் பரிந்துரைப்பேன். ஏனென்றால் சில வாரச் சான்றிதழ் வகுப்புகளில் பயிற்சிகளின் பெயர்களைக் கற்றுக்கொள்ளலாமே தவிர, அவற்றின் காரணங்களை உள்வாங்கிக்கொள்ள நேரம் போதாது.

இரண்டாம் படி: பழைய படிப்பையும் சான்றிதழ்களையும் சரிசெய்தல்

பட்டத்தில் அரியர் மட்டும் பாக்கி இருந்தால், முதலில் அதை எழுதி முடியுங்கள். பி.பி.எட். சேர ஏதேனும் ஒரு பட்டம் தேவை. பொதுவாக 50 விழுக்காடு மதிப்பெண்ணும், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியிலோ மாவட்டப் போட்டியிலோ பங்கேற்ற சான்றும் கேட்பார்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கலை அறிவியல் கல்லூரியில் படித்தவர்கள், பழைய கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் தங்கள் பதிவெண்ணுக்கு இன்னும் தேர்வு எழுத வாய்ப்பு உள்ளதா என்று கேட்க வேண்டும். பட்டமே இல்லாதவர்கள், பிளஸ் டூ தேர்ச்சியுடன் மூன்று ஆண்டு பி.பி.இ.எஸ். (உடற்கல்வி, விளையாட்டு இளநிலைப் பட்டம்) படிப்பில் சேரலாம்.

மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பள்ளிக் காலத்து விளையாட்டுச் சான்றிதழ்கள் ஆகியவற்றுடன், பிற மாநிலத்தில் சேருவதாக இருந்தால் இடப்பெயர்வுச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். படிப்பில் இடைவெளி இருப்பதால், அந்த ஆண்டுகளில் என்ன செய்தீர்கள் என்பதை முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையொப்பம் வாங்கித் தரச் சில கல்லூரிகள் சொல்லும். வயது வரம்பு இருக்கிறதா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மூன்றாம் படி: கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல்

குமரி மாவட்டத்தின் இருப்பிடம் இதில் நமக்குச் சாதகமாக அமைந்திருக்கிறது. கிழக்கே திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி உள்ளது. மேற்கே திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில், 1985-இல் தொடங்கப்பட்டு இப்போது இந்திய விளையாட்டு ஆணையம் நடத்திவரும் லட்சுமிபாய் தேசிய உடற்கல்வியியல் கல்லூரி உள்ளது. கழக்கூட்டம் ரயில் நிலையத்தில் இறங்கினால் அருகில்தான். சென்னையை ஒட்டிய மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நேரில் சென்று, உடலியங்கியல் ஆய்வகத்தையும் மைதானத்தையும் காட்டச் சொல்லுங்கள். சேர்க்கையின்போது உடற்தகுதித் தேர்வு இருக்கும் என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே ஓட்டப் பயிற்சியைத் தொடங்கிவிடுவது நல்லது. எடை தூக்கி மட்டுமே பழகியவர்கள் அங்கே ஓட்டத்தில்தான் திணறுகிறார்கள்.

நான்காம் படி: பாடங்களைப் படித்தல்

உடலின் அமைப்பைச் சொல்லும் உடற்கூறியல், உறுப்புகள் இயங்கும் விதத்தைச் சொல்லும் உடலியங்கியல், மூட்டுகளும் தசைகளும் அசையும் விதத்தைச் சொல்லும் அசைவியல் ஆகிய மூன்றும்தான் இந்தத் தொழிலின் அடித்தளம். புத்தகத்தை விட்டு நெடுநாள் ஆனவர்கள் தசைகளின் லத்தீன் பெயர்களைக் கண்டு மலைத்துப்போவதுண்டு. ஒவ்வொரு தசையும் எந்த எலும்பில் தொடங்கி எதில் முடிகிறது, சுருங்கும்போது எந்த மூட்டை அசைக்கிறது என்று தன் உடம்பிலேயே தொட்டுப் பார்த்துப் படித்தால் பெயர் தானாக மனத்தில் நிற்கும். ஆசானிடம் அடிமுறை என்னும் நம் ஊர்த் தற்காப்புக் கலையைக் கற்றவர்களுக்கு உடம்பைத் தொட்டறியும் பழக்கம் ஏற்கெனவே இருப்பதால் இந்த வகுப்பு எளிதாகவே வசப்படும்.

படித்தது எப்படிப் பயன்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. முந்திரி ஆலையில் பல ஆண்டுகள் உட்கார்ந்து வேலை செய்த ஒரு பெண்மணியை உட்கார்ந்து எழச் சொல்கிறீர்கள். பாதி இறங்கியதும் அவருடைய குதிகால் தரையை விட்டு மேலே வருகிறது, உடம்பு முன்னால் சாய்கிறது. படிக்காத பயிற்சியாளர் "முதுகை நிமிர்த்துங்க அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொல்லுவார். படித்தவர் குதிகாலுக்கு அடியில் ஒரு மெல்லிய பலகையை வைத்து மறுபடியும் செய்யச் சொல்லுவார். அப்போது உடம்பு நேராக இறங்கினால் கணுக்கால் இறுக்கம்தான் காரணம் என்று கொள்ளலாம். அப்போதும் சாய்ந்தால் இடுப்பு மூட்டையும் தொடை வலிமையையும் ஆராய வேண்டும்.

இதயத் துடிப்புக் கணக்கும் அப்படியே. 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பின் தோராயம் கிடைக்கும். நாற்பது வயதுக்காரருக்கு அது 180. ஓய்வில் அவருடைய துடிப்பு 70 என்றால், இடைப்பட்ட 110-இல் 60 விழுக்காடான 66-ஐ 70-உடன் கூட்டி, 136 என்ற இலக்கை வைக்கலாம். ஆனால் அவர் இரத்த அழுத்தத்துக்காக இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் துடிப்பு அந்த அளவுக்கு ஏறாது. அதை ஏற்ற முயன்று அவரை விரட்டினால் ஆபத்து. அத்தகையவர்களிடம், பயிற்சியின்போது தடையின்றிப் பேச முடிகிறதா என்று கவனிப்பதே பாதுகாப்பான அளவுகோல். மாத்திரைகளைப் பற்றி முதல் நாளே கேட்டு எழுதி வைக்க வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல் என்று சொல்பவரை மருத்துவரின் அனுமதியின்றிப் பயிற்சியில் சேர்க்கக் கூடாது. நோயைக் கண்டறிவது நம் வேலை இல்லை.

உணவு பற்றிய பாடத்தையும் நம் அடுக்களைக்கு ஏற்பப் படியுங்கள். மரச்சீனிக்கிழங்கில் மாவுச்சத்து நிறைய உண்டு, புரதம் மிகவும் குறைவு. அதனுடன் வைக்கும் சாளைக் குழம்பிலோ புரதமும் ஒமேகா 3 கொழுப்பும் தாராளமாக உள்ளன. கிழங்கைக் குறைத்து மீனைக் கூட்டுங்கள் என்று சொன்னால் வீட்டிலுள்ளவர்கள் மறுநாளே செய்வார்கள். ஓட்ஸும் பிராக்கோலியும் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே தங்கிவிடும். புரதப் பொடி கேட்பவர்களிடம், டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு ஊசி கேட்டு வரும் இளைஞர்களைக் கடிந்துகொண்டு விரட்டாமல் உட்காரவைத்துப் பேசுங்கள். அந்தத் தம்பிகள் நம்மை விட்டால் அதை விற்பவரிடம்தான் போய் நிற்பார்கள்.

ஐந்தாம் படி: பணமும் நேரமும்

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பொதுவாக 75 விழுக்காடு வருகைப்பதிவு தேவைப்படுவதால், பகல் முழுவதும் பார்க்கும் வேலையுடன் இந்தப் படிப்பைச் சேர்த்துக்கொள்ள இயலாது. அதிகாலையில் ஒரு ஜிம்மில் உதவிப் பயிற்சியாளராக நிற்பது இயலும். கைச்செலவுக்கும் ஆகும், பிராக்டிகலுக்கும் உதவும். அங்கே மூத்த பயிற்சியாளர் ஒருவர் புதிதாகச் சேருபவர்களிடம் கேட்கும் கேள்விகளை மட்டும் கவனித்து எழுதினாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

ஆறாம் படி: சான்றிதழும் முதலுதவியும்

படிப்பின் கடைசி ஆண்டில், அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ் போன்ற அமைப்பின் தேர்வை எழுதலாம். வெளிநாட்டில் வேலை தேடுபவர்களுக்கு அது உதவும். அதற்கு 18 வயதும், சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சிச் சான்றும் தேவை. வெளிநாடு செல்லாதவரும் சிபிஆர் கட்டாயம் கற்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்த வேண்டும் என்பது படிக்கும்போது எளிதாகத் தோன்றும். பொம்மையின்மீது இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்தால்தான் கை தளர்வது தெரியும். இந்தச் சான்றிதழ்கள் பொதுவாக இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகும் என்பதால், புதுப்பிக்கும் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கான கட்டணத்தையும் ஆண்டுச் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.