படம் வராத கேம் கேசட்டைச் சுத்தம் செய்வது

பரணில் கிடந்த 60 பின் (அடியில் தெரியும் உலோகப் பட்டைகள்) கேசட்டைப் போட்டால் திரை வெறுமையாகவோ கட்டம் கட்டமாகவோ வருகிறதா? பெரும்பாலும் சிப் போயிருக்காது. பின்களில் கறுப்பு படிந்திருக்கும். எக்காரணம் கொண்டும் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்களை அரித்துவிடும்.

மதுரை டவுன்ஹால் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேட்டுப் பாருங்கள். சானிடைசர் உதவாது, அதிலுள்ள கிளிசரின் பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும். பட்ஸை நனைத்து, இருபுறமும் பின்னின் நீளவாக்கிலேயே துடையுங்கள்; பஞ்சு கறுக்காமல் வரும் வரை பட்ஸை மாற்றிக்கொண்டே இருங்கள். விடாப்பிடிக் கறைக்கு வெள்ளை ரப்பர், மெதுவாக. உப்புத்தாள் கூடவே கூடாது: முலாம் போனால் போனதுதான்.

ஃபேன் காற்றில் 10 நிமிடம் உலரட்டும். மதுரை வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் மஞ்சளாகும்.

இன்னும் வரவில்லையென்றால் கோளாறு கேம் பெட்டியில் கேசட் செருகும் ஸ்லாட்டில். அடாப்டரைக் கழற்றிவிட்டு, பின்களில் லேசாக ஆல்கஹால் தடவிய கேசட்டை நாலைந்து முறை செருகி எடுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே கரன்ட் கொடுங்கள்.