ஃபெரெட்டுக்குப் பத்தியம் ஆகாது: உணவு மாற்றும் நாட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் வளரும் ஃபெரெட்டின் பெயர் சுண்டு. ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்கள் அதைக் கீரி என்றே நினைக்கிறார்கள். கீரி வேறு குடும்பம், அதை வீட்டில் வைத்திருப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஃபெரெட்டோ மனிதர் கையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பழகிய வளர்ப்பு விலங்கு என்று ஒவ்வொருவரிடமும் விளக்குவது தனி வேலை. சென்ற ஆண்டு, அது வழக்கமாகத் தின்றுவந்த வெளிநாட்டு உலர்தீவனம் கிடைக்காமல் போனது. பழைய பை தீர்ந்த அன்றே புதியதைக் கிண்ணம் நிறைய வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் கழிவுத் தட்டில் பச்சை நிறத்தில், சளி கலந்து, தண்ணீராகப் போயிருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வயித்தக் காயப் போடு, சாயங்காலமா கொஞ்சம் மோர்சாதம் வெச்சுப் பாக்கலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு தவறுகள் இருந்தன. ஒரே நாளில் தீவனத்தை மாற்றிய என்னுடையது மூன்றாவது.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. லங்கணம் பரம ஔஷதம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, வயிறு கெட்டால் பட்டினி, அதன்பின் மோர், கஞ்சி, ஓமத் தண்ணீர் என்னும் வரிசை யாரும் சொல்லித்தராமலே கைக்கு வந்துவிடும். அந்த வைத்தியம் மனித வயிற்றைப் பார்த்து உண்டானது. ஃபெரெட்டின் வயிறு முழுக்க இறைச்சிக்காகவே அமைந்தது. அதன் குடல் குட்டையானது. நார்ப்பொருளைத் தேக்கிப் புளிக்கவைத்துச் செரிக்க உதவும் பெருங்குடல்வாய் என்னும் பை அதற்குக் கிடையவே கிடையாது. தின்றது மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் மலமாக வெளியேறிவிடும். ஆகவே அது நாளொன்றுக்கு ஏழெட்டு முறைக்கு மேல் சிறிது சிறிதாகத் தின்னும். காலையில் வைத்த தவறான உணவின் பலனை மதியத்துக்குள் தட்டில் பார்த்துவிடலாம் என்பதும் இதனால்தான்.

பட்டினி போடுவது

நாய்க்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு நாள் உணவை நிறுத்தச் சொல்லும் பழைய அறிவுரையை அப்படியே ஃபெரெட்டுக்குச் செய்வதே எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. மூன்று வயதைக் கடந்த ஃபெரெட்டுகளுக்குக் கணையத்தில் இன்சுலினோமா என்னும் கட்டி வருவது மிகச் சாதாரணம். அந்தக் கட்டி வேண்டாத நேரத்திலும் இன்சுலினைச் சுரந்துகொண்டிருப்பதால், அத்தகைய விலங்கு நான்கு மணி நேரம் ஒன்றும் தின்னாமல் இருந்தாலே இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். கட்டி இருப்பது பெரும்பாலும் அதுவரை நமக்குத் தெரிந்திருக்காது. வெறித்த பார்வை, எச்சில் ஒழுகுதல், வாயை முன்கால்களால் பிறாண்டுதல், பின்னங்கால்கள் துவண்டு இழுபடுதல் ஆகியவற்றைக் கண்டால், விரல் நுனியில் சிறிது தேனைத் தொட்டு ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் புறப்பட வேண்டும். வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது வாய்க்குள் விரலையோ கரண்டியையோ நுழைக்கக் கூடாது. தேன் அந்த நிமிடத்துக்கான முதலுதவி மட்டுமே. தெம்பு வரட்டும் என்று நாளுக்கு நான்கு வேளை கொடுத்தால், அந்தச் சர்க்கரையே மேலும் இன்சுலினைத் தூண்டி நிலைமையைக் கெடுக்கும்.

ஆகையால் வயிறு கெட்டிருக்கும்போது செய்ய வேண்டியது, அது நன்கு அறிந்த பழைய உணவை எளிதாக்கிக் கொடுப்பதே. பழைய உலர்தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, உப்பில்லாமல் வேகவைத்த எலும்பற்ற கோழிக்கறியுடன் மசிய அரைத்து, இளஞ்சூட்டில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி அளவு வைக்கலாம். தானாக நக்காவிட்டால் ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, விலங்கை நிமிர்த்திப் பிடித்து, வாயின் ஓரமாகத் துளித்துளியாகக் கொடுக்க வேண்டும். குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல் மல்லாக்கப் படுக்கவைத்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். வீட்டில் நமக்கென்று கொதிக்கும் கோழி சூப்பிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊற்றும் பழக்கமும் வேண்டாம். அதிலுள்ள சின்ன வெங்காயமும் பூண்டும் ஃபெரெட்டின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை.

மோர், கஞ்சி, இளநீர்

பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் வளர்ந்த ஃபெரெட்டுக்குக் குறைவு. மோரிலும் தயிரிலும் அது முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. சாதம், கஞ்சி, இட்லி, ரொட்டி எல்லாம் மாவுச்சத்து. அவற்றைப் பயன்படுத்திக்கொள்ள அந்தக் குட்டைக் குடலுக்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. இளநீரில் சர்க்கரை உண்டு, பொட்டாசியம் மிகுதி. வாழைப்பழத்தை ஆசையாகத் தின்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இனிப்பு அதற்குப் பிடிக்கும் என்பது உண்மை. பிடிப்பதும் ஒத்துக்கொள்வதும் வேறு வேறு.

நீரிழப்புதான் இங்கே கவலைக்குரியது. ஆண் ஃபெரெட் ஒன்று முதல் இரண்டு கிலோ வரையும், பெண் அதில் பாதியளவும் எடை இருக்கும். அவ்வளவு சிறிய உடலில் அரை நாள் பேதியே பெரிய இழப்பு. பிடரித் தோலைச் சற்றுத் தூக்கி விடும்போது அது உடனே படியாமல் மெதுவாக இறங்கினாலோ, ஈறு ஈரமாக இல்லாமல் விரலில் ஒட்டினாலோ, வீட்டில் நீர் புகட்டிக் கொண்டிருக்கும் கட்டம் தாண்டிவிட்டது. மருத்துவர் தோலுக்கடியில் திரவம் ஏற்றவேண்டியிருக்கும்.

மருந்துப் பெட்டியைத் திறப்பது இதைவிட மோசம். பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் ஃபெரெட்டுக்கு நஞ்சு. பேதியை நிறுத்தும் மாத்திரையில் கால் துண்டு என்னும் கணக்கும் நமது எடைக்கானது.

அவசரம்

"பசி ருசி அறியாது" என்பார்கள். ஃபெரெட்டைப் பொறுத்தவரை இந்தப் பழமொழி செல்லாது. பிறந்து சுமார் ஆறு மாதங்களுக்குள் எந்த மணங்களை உணவு என்று அறிந்துகொள்கிறதோ அவற்றையே அது பிற்காலத்திலும் உணவாக மதிக்கும். ஐந்து வயது ஃபெரெட்டின் முன் புத்தம்புதிய மணமுள்ள உருண்டைகளை வைத்தால், அது அடம்பிடிக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது உணவு என்பதே அதற்குத் தெரியவில்லை. பசித்தால் தானாகத் தின்னும் என்று காத்திருந்தால், முன்பு சொன்ன பட்டினி ஆபத்தில் போய் நிற்போம்.

கையிருப்பு தீருவதற்கு ஒரு மாதம் முன்பே மாற்றத்தைத் தொடங்குவது இந்த இடத்தில்தான் பயன் தருகிறது. ஒரு கிலோ எடையுள்ள ஃபெரெட் நாளுக்கு ஏறத்தாழ 50 கிராம் உலர்தீவனம் தின்னும் என்று வைத்துக்கொண்டால், முதல் மூன்று நாட்களுக்குப் புதியது 5 கிராம், பழையது 45 கிராம். மலம் கெடாமல் இருந்தால் மட்டும் அடுத்த 5 கிராம். இப்படிப் போனால் நான்கு வாரம் ஆகும், ஆகட்டும். இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்து சில நாள் மூடிவைத்தால் பழையதன் மணம் புதியதிலும் ஏறும். சுண்டுவிடம் பலித்த உபாயம் இது. நடுவில் வயிறு கெட்டால், கடைசியாக ஒத்துப்போன அளவுக்குத் திரும்பி அங்கேயே ஒரு வாரம் நிற்க வேண்டும். பதற்றத்தில் மூன்றாவதாக வேறொரு தீவனத்தை வாங்கிவந்து வைப்பவர்கள் உண்டு. நானும் அந்தக் காரியத்தைச் செய்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாமல் விழித்திருக்கிறேன்.

எதற்கு மாற்றுகிறோம் என்பதும் முக்கியம். ஃபெரெட்டுக்கென்றே செய்த தீவனம் நம் பக்கத்துக் கடைகளில் அரிது என்பதால் பெரும்பாலோர் பூனைக்குட்டித் தீவனத்துக்குப் போகிறோம். சேர்மானப் பட்டியலில் கோழி முதலிடத்தில் இருந்து, புரதம் 35 விழுக்காட்டுக்குக் குறையாமலும் கொழுப்பு 20 விழுக்காட்டை ஒட்டியும் நார்ப்பொருள் 3 விழுக்காட்டுக்கு உட்பட்டும் இருந்தால் அது சரியான தேர்வு. மீன் சேர்ந்தவற்றைப் பல ஃபெரெட்டுகள் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். நாய்த் தீவனம் விலை மலிவு என்றாலும் இதற்குப் பொருந்தாது.

தட்டைப் பார்க்கத் தெரியாமல் இருப்பது

நலமாக உள்ள ஃபெரெட்டின் மலம் பழுப்பு நிறத்தில், பற்பசையைப் பிதுக்கியதுபோல் மென்மையாக ஆனால் உருவத்தோடு இருக்கும். உணவு மாறும்போது ஓரிரு நாள் இளகுவது இயல்பு. தினை அரிசியைத் தூவினாற்போல் வெளிறிய குருணைகள் தெரிந்தால், கொழுப்பும் மற்றவையும் செரிக்காமல் வெளியேறுகின்றன என்று பொருள். பச்சை நிறம், குடலில் எல்லாம் மிக விரைவாக ஓடுகிறது என்பதையோ வயிறு காலியாக இருக்கிறது என்பதையோ காட்டும். தார் போலக் கறுத்து ஒட்டும் மலம் இரைப்பையில் இரத்தம் கசிவதன் அடையாளம். ஃபெரெட்டின் இரைப்பையில் பரவலாகக் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் முஸ்டெலே என்னும் பாக்டீரியா, உணவு மாற்றம் போன்ற மன அழுத்தக் காலங்களில் தலைதூக்கிப் புண் உண்டாக்கக்கூடும். கறுத்த மலத்தோடு பல்லை நறநறவென்று கடிப்பதும் சேர்ந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் புதிய தீவனத்தின் தலையில் போடுவதும் தவறு. மலமே வரவில்லை, அல்லது நூல்போல மெலிந்து வருகிறது, விலங்கு சுருண்டு கிடக்கிறது என்றால் குடலடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். ரப்பர் செருப்பின் ஓரம், பிள்ளைகளின் அழிப்பான், இயர்போனின் காதுறை ஆகியவை ஃபெரெட்டுக்கு மிட்டாய் மாதிரி. அடைப்புக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். காத்திருந்து பார்ப்பதற்கு அதில் இடமில்லை. அதே வாரத்தில் புதிய ஃபெரெட் ஒன்று வீட்டுக்கு வந்திருந்தால், பச்சைச் சளிப்பேதிக்குக் கொரோனா வகை நச்சுயிரி ஒன்றும் காரணமாகலாம். 1993-இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட இந்நோயில், நோயைக் கொண்டுவரும் குட்டி துள்ளி விளையாடிக்கொண்டிருக்க, வயதான பழைய ஃபெரெட்தான் படுத்துவிடும்.

நம் ஊர் வெயில்

ஃபெரெட்டுக்கு வியர்த்து உடலைக் குளிர்விக்கும் வழி இல்லை. 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து. புதுச்சேரியிலும் கடலூரிலும் கத்திரி வெயில் காலத்தில் அந்த அளவு காலையிலேயே வந்துவிடுகிறது. வெயிலில் துவண்டு தின்னாமல் கிடப்பதும் வயிறு கெட்டுக் கிடப்பதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், மே மாதத்தில் உணவு மாற்றத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது. ஊறவைத்த தீவனமும் இறைச்சியும் இந்தப் புழுக்கத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் கிண்ணத்தில் இருக்கக் கூடாது. மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் உலர்தீவனத்தை வாங்குவதும் வேண்டாம்; கடற்காற்றில் அதன் கொழுப்பு சிக்கடித்துப் போயிருக்கும்.

மருத்துவரைத் தேடுவதை நோய் வந்த பிறகு வைத்துக்கொள்வதும் ஒரு தவறே. குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போவதானாலும், ஃபெரெட்டைப் பார்த்த அனுபவமுள்ளவர் எந்த நாளில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். போகும்போது அன்றைய மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய, புதிய தீவனப் பைகளின் சேர்மானப் பட்டியலும், சமையலறைத் தராசில் நாள்தோறும் நிறுத்த எடைக் குறிப்பும் உடனிருந்தால், மருத்துவர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கையிலேயே இருக்கும். சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் ஆகும் என்பதால், வழியில் கொடுக்க உணவும் கூண்டில் இருக்கட்டும்.

என் குறிப்பேட்டில் ஒரு குறை இருந்தது. மாற்றம் முடிந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியடைந்த வாரத்தில் சுண்டுவுக்கு மீண்டும் பேதி கண்டது. அளவு மாறவில்லை, தீவனம் மாறவில்லை, எடை மட்டும் 60 கிராம் இறங்கியிருந்தது. மறுநாள் பீரோவுக்குப் பின்னாலிருந்து வரிசையாக எறும்பு போவதைக் கண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கைப்பிடி கைப்பிடியாகப் புதிய தீவனம், அதன் நடுவில் நாறிப்போன கோழித்துண்டுகள், அதற்கும் மேல் என் காலுறை ஒன்று. கிடைத்ததைப் பதுக்கி வைத்துப் பிறகு தின்பது ஃபெரெட்டின் பிறவிக்குணம். கிண்ணம் காலியானதை வைத்து நான் 50 கிராம் என்று எழுதிய நாட்களில் பாதி, அங்கேதான் இருந்தது.