எஞ்சின் வேலை முடிந்த காரை முதல் 1000 கிலோமீட்டர் ஓட்டும் முறை

சிலிண்டரை ரீபோர் செய்து (தேய்ந்த உட்சுவரைக் கடைந்து சீராக்கி), புதிய பிஸ்டனும் அதைச் சுற்றி அமரும் ரிங்கும் போட்டு வாங்கிய காரை வீட்டு முற்றத்தில் நிறுத்தி மணிக்கணக்கில் ஐடிலிங்கில் ஓடவிடுவதே பாதுகாப்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம், அது தவறு. ஹோனிங் செய்த, அதாவது சாணைக்கல்லால் லேசாகத் தேய்த்த, சிலிண்டர் சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் இருக்கும். எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு நெருக்கும்போதுதான் அக்கோடுகளின் முனைகள் தேய்ந்து, ரிங் சரியாகப் பொருந்தும். சுமையின்றி ஓடினால் சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிடும். பிறகு ஆயில் எரிந்து நீலப்புகை வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே, ஆயிலையும் கூலன்டையும் சரிபார்த்து, எஞ்சின் சூடேறியதும் சாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு செல்லும் சாலையில், நெரிசலில்லாத அதிகாலையில், மூன்றாம் கியரில் பாதி ஆக்சிலரேட்டர் கொடுத்து வேகத்தைக் கூட்டி, பிறகு காலை எடுத்து கியரிலேயே வேகம் குறையவிடுவதைப் பத்து முறையாவது செய்யலாம். மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்வதையும், வண்டி நிறைய ஆட்களோடு பேச்சிப்பாறைப் பக்கம் மலையேறுவதையும் முதல் 500 கிலோமீட்டர் வரை தவிர்ப்பது நல்லது. ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டவும் வேண்டாம்.

தொடக்கத்தில் மெக்கானிக் சொல்லும் தரத்தில் மினரல் ஆயிலே போதும். விலையுயர்ந்த சிந்தெடிக் ஆயில் பின்னால் ஊற்றிக்கொள்ளலாம். முதல் 100 கிலோமீட்டருக்குள்ளேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது. வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். வெள்ளிப்பொடிபோல் லேசான மினுமினுப்பு இயல்பானதே, விரலில் நெருடும் துகள் தென்பட்டால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்.