பனிக்காலத்தில் வீடு வந்த பிள்ளை: தத்தெடுத்த முதல் வாரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் இரண்டாம் வாரம் டொரன்டோவில் வந்து இறங்கியபோது எங்கள் மகனுக்கு 2 வயது 4 மாதம். மகாராஷ்டிரத்தில் ஒரு காப்பகத்தில் வளர்ந்தவன். அவனுக்குத் தெரிந்தது மராத்தி, எங்கள் வீட்டில் தமிழ், வெளியே எங்கும் ஆங்கிலம். விமான நிலையக் கதவு திறந்ததும் அடித்த குளிர்காற்றில் அவனுக்கு ஒரு நொடி மூச்சே நின்றுவிட்டது. அழவில்லை. என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பிள்ளை வீட்டுக்கு வரும் தேதி நம் கையில் இல்லை. இந்தியாவில் தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான காராவின் தடையில்லாச் சான்று, தத்தெடுப்பு ஆணை (2022 செப்டம்பரிலிருந்து இதை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் தருகிறார்), பாஸ்போர்ட், விசா என்று ஒவ்வொன்றாக வந்து சேர்வது எந்த மாதமோ, அந்த மாதம்தான் பயணம். எங்களுக்கு அது கிறிஸ்துமஸ் விடுமுறையாக அமைந்தது. "நல்லதாப் போச்சு, எல்லாருக்கும் லீவு" என்று சந்தோஷப்பட்டோம். நாங்கள் செய்த தவறுகளில் பாதி இந்தச் சந்தோஷத்தில் வந்தவை. இந்தக் குளிர்காலத்தில் உங்கள் வீட்டுக்கும் ஒரு பிள்ளை வரப்போகிறது என்றால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஊரைக் கூட்டுவது

வந்த ஐந்தாம் நாள் நண்பர்கள் நாலு குடும்பமாக வந்தார்கள். கேக், பலூன், ரிமோட் கார். பிள்ளை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போய்க்கொண்டே இருந்தான். யார் கை நீட்டினாலும் போனான். "எவ்வளவு சமத்து! வேத்துமுகமே இல்லையே" என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அன்று இரவு 3 மணிக்கு விழித்துப் பார்த்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். வாசல் கதவருகே, ஒரு கையில் தன் ஷூவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அடுத்து யாரோடு போக வேண்டும் என்று காத்திருந்தான் என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

காப்பகத்தில் கவனித்துக்கொள்கிறவர்கள் ஷிப்டுக்கு ஷிப்டு மாறுவார்கள். வருகிற கையோடு போகப் பழகிய பிள்ளைக்குத்தான் சாப்பாடும் கிடைக்கும், அணைப்பும் கிடைக்கும். நம் கண்ணுக்கு அது கலகலப்பாகத் தெரிகிறது. உண்மையில் 'இவர்கள்தான் என் ஆட்கள்' என்று அவன் இன்னும் யாரையும் பிரித்துவைக்கவில்லை. அந்தப் பிரிப்பு வருவதற்குத்தான் முதல் சில மாதங்கள். சாப்பாடு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூக்குவது, விழுந்தால் தடவிக்கொடுப்பது, தூங்கவைப்பது எல்லாம் அம்மா அப்பா கையால் மட்டும் நடக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் ஓரிருவராக வரட்டும், அரைமணி நேரம் உட்காரட்டும், தூரத்திலிருந்து பந்து உருட்டி விளையாடட்டும். பிள்ளை அவர்கள் மடியில் ஏறினால் "அம்மாகிட்ட போ கண்ணா" என்று திருப்பி அனுப்ப வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாசலில் வைத்துச் சொன்னால் மனசு புண்படும்.

பெரியவர்களுக்குச் சொல்வதுதான் கஷ்டம். கோயம்புத்தூரிலிருக்கும் என் மாமியார் ஜனவரியிலேயே வந்து 3 மாதம் இருக்கத் தயாராக இருந்தார். ஏப்ரலில் வரச் சொன்னோம். என் கணவர் போனில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "அம்மா, உங்க மடி எங்கேயும் போயிடாது. முதல்ல எங்க மடி எதுன்னு அவனுக்குத் தெரியட்டும்." ஒரு வாரம் அவர் சரியாகப் பேசவில்லை. பிறகு அவரே தினமும் ஒரே நேரத்தில், 5 நிமிடம் மட்டும், வீடியோவில் ஒரே பாட்டைப் பாட ஆரம்பித்தார். ஏப்ரலில் வந்தபோது அந்தப் பாட்டை வைத்துத்தான் அவன் அவரை அடையாளம் கண்டுகொண்டான்.

உதவ நினைப்பவர்களிடம் வேலையைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி இரண்டு வாரம் இப்படித்தான் செய்தார். "சாப்பாட்டை வாசல்ல வெச்சிட்டுப் போறன் பிள்ளை. உள்ளுக்கு வரேல்லை, பெடியன் கொஞ்சம் பழகட்டும்." வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனதும் அவர் மகன்தான். இதைவிடப் பெரிய பரிசு அந்த மாதம் எங்களுக்கு வரவில்லை.

சத்தமில்லாத பிள்ளையைப் பார்த்து நிம்மதி அடைவது

முதல் மூன்று வாரம் எங்கள் வீட்டில் அழுகையே இல்லை. கொடுத்ததைச் சாப்பிட்டான், விட்ட இடத்தில் உட்கார்ந்தான். பழகிவிட்டான் என்று ஊருக்கெல்லாம் சொன்னோம்.

லண்டனில் குழந்தைகளின் மனநலத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும் 1940-களின் கடைசியிலும் 50-களிலும், மருத்துவமனையில் பெற்றோரைப் பிரிந்து கிடந்த சின்னப் பிள்ளைகளைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். முதலில் பிள்ளை அழுது எதிர்க்கும். பிறகு சோர்ந்து ஒடுங்கும். கடைசியில் யாரிடமும் ஒட்டாமல், ஆனால் சாதாரணமாக இருப்பதுபோல இருக்கும். நர்ஸுகள் 'பழகிவிட்டது' என்று நினைத்தது அந்தக் கடைசி நிலையைத்தான். தத்தெடுத்த பிள்ளைக்கு இந்தப் பிரிவு ஒரு தடவை மட்டும் நடந்ததில்லை. பெற்றவளைப் பிரிந்தது ஒன்று. இப்போது தெரிந்த முகம், மொழி, வாசனை, வெயில் எல்லாவற்றையும் ஒரே விமானத்தில் பிரிந்தது இன்னொன்று.

நாலாவது வாரம் எங்கள் பிள்ளை கத்த ஆரம்பித்தான். தட்டைத் தள்ளினான், என்னைக் கடித்தான், பாத்ரூமுக்குக்கூட என்னைத் தனியாக விடவில்லை. பயந்துபோய் சோஷியல் வொர்க்கருக்குப் போன் செய்தேன். "இப்பத்தான் உங்ககிட்ட அழலாம்னு அவனுக்கு நம்பிக்கை வந்திருக்கு" என்றார். அந்த நேரத்தில் தனியாக அறையில் உட்காரவைத்துத் தண்டிப்பது, அழுது ஓயட்டும் என்று கதவைச் சாத்துவது இரண்டும் கூடவே கூடாது. வேறு வீடுகளில் அந்த வழிகள் பலிக்கலாம். விட்டுப்போனவர்களை ஏற்கெனவே பார்த்த பிள்ளைக்கு மூடிய கதவு வேறு சேதி சொல்லும். அவன் கத்தும்போது பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தோம். சில நாள் 40 நிமிடம் ஆகும். உட்கார்ந்தே இருந்தோம்.

அழகான தனி அறை

மேகம் வரைந்த சுவர், புதுக் கட்டில், சின்ன விளக்கு என்று ஆறு மாதமாக ஒரு அறையைத் தயார் செய்திருந்தோம். அவனுக்கு அது பயங்கரமாக இருந்தது. அதுவரை அவன் பத்துப் பிள்ளைகளோடு ஒரே கூடத்தில், மின்விசிறி ஓடுகிற சத்தத்தில் தூங்கியவன். இங்கே பனி விழுந்த இரவில் தெருவில் ஒரு சத்தமும் இருக்காது. எங்கள் படுக்கையை ஒட்டித் தரையில் மெத்தை போட்டு, ஒரு டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிட்டோம். காற்றுக்காக இல்லை, சத்தத்துக்காக. அன்றுதான் தொடர்ந்து 5 மணி நேரம் தூங்கினான். இந்தியாவுக்கும் டொரன்டோவுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். சாயங்காலம் 4.45-க்குள் இருட்டிவிடும், காலை 7.45 வரை விடியாது. அந்த இருட்டில் பகல் எது, இரவு எது என்று உடம்புக்குத் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். வெளிச்சம் இருக்கும்போது, ஜன்னலோரமாக உட்கார்ந்தாவது அவனைப் பகலைப் பார்க்க வையுங்கள்.

இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். வந்த அன்றே அவன் போட்டிருந்த பழைய பச்சை ஸ்வெட்டரைத் துவைத்துவிட்டேன். சுத்தமாக இருக்கட்டும் என்று செய்ததுதான். மறுநாள் அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டான். அவன் இடத்திலிருந்து அவனோடு வந்த கடைசி வாசனை அது. துவைக்காமல் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கலாம்.

பனி, உடுப்பு, கார்

வெப்பமான ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கு ஸ்னோ ஸூட் கட்டிப்போட்டதுபோல இருக்கும். வீட்டுக்குள்ளேயே நாலைந்து நாள், முதலில் தொப்பி, அப்புறம் கையுறை, அப்புறம் பூட்ஸ் என்று விளையாட்டாகப் போட்டுப் பழக்குங்கள். முதல் முறை வெளியே 5 நிமிடம் போதும். ஒன்று முக்கியம்: தடிமனான கோட்டோடு கார் சீட்டில் வைத்துப் பட்டை மாட்டாதீர்கள். மோதல் நேர்ந்தால் கோட்டின் பஞ்சு அமுங்கி, பட்டை தளர்ந்துபோகும். மெல்லிய உடுப்பில் பட்டையை இறுக்கிவிட்டு, கோட்டை மேலே போர்த்துங்கள்.

குளியலுக்குத் தொட்டியில் இறக்கினால் அலறுகிறானா? வாளியும் சொம்பும் வாங்குங்கள். எங்கள் வீட்டில் பிரச்சினை அன்றே தீர்ந்தது. ஹீட்டர் காற்றில் தோல் வறண்டு அரிக்கும். குளித்ததும் தேங்காய் எண்ணெய் தடவுகிற அந்தப் பத்து நிமிடம் எங்களுக்கு மருந்தாகவும் இருந்தது, பழகும் நேரமாகவும் இருந்தது. முதல் இரண்டு வாரத்துக்குள் குழந்தை மருத்துவரைப் பார்த்து, தடுப்பூசிக் கணக்கு, இரும்புச்சத்து, காசநோய், வயிற்றுப் பூச்சி எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுங்கள். விடுமுறையில் கிளினிக்குகள் மூடியிருக்கும், முன்பே தேதி வாங்கிவைப்பது நல்லது.

பண்டிகையைக் காட்டுவது

மாலில் சாண்டா மடியில் உட்காரவைத்துப் போட்டோ எடுக்க ஆசைப்படாதீர்கள். நரைத் தாடி வைத்த, முன்பின் தெரியாத ஒருவரிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நாம் விலகி நிற்கிறோம். அவன் பார்வையில் நடப்பது அதுதான். பரிசுகளைப் பிரித்து ஒளித்துவையுங்கள், வாரத்துக்கு ஒன்று போதும். புத்தாண்டு இரவு வாண வேடிக்கை கேட்கும் பகுதியில் இருந்தால் விளக்கைப் போட்டு, பாட்டை வைத்து, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலும் எங்கள் வீட்டில் அந்த வருடம் ஒரு சின்னப் பானையோடு, மூன்று பேரோடு முடிந்தது.

அவன் கதையைச் சொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. அவன் எங்கே கிடைத்தான், பெற்றவர்கள் யார், ஏன் விட்டார்கள் என்று சாப்பாட்டு மேசையில் கேட்பார்கள். அது அவனுடைய கதை. அவன் வளர்ந்து சொன்னால் சொல்லட்டும். "குடுத்து வெச்ச பிள்ளை" என்று சொல்கிறவர்களிடம் "குடுத்து வெச்சவங்க நாங்கதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள்.

சாப்பாட்டில் கண்டிப்பு

தலையணைக்கடியில் காய்ந்த சப்பாத்தித் துண்டு ஒன்றைக் கண்டெடுத்தேன். திட்டவில்லை, நல்லவேளை. அடுத்த வேளை வருமோ வராதோ என்று இருந்த பிள்ளை சேர்த்துவைக்கத்தான் செய்யும். அவன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கிண்ணம் வைத்து, வாழைப்பழமும் பிஸ்கட்டும் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். ஒளித்துவைப்பது இரண்டு மாதத்தில் தானாக நின்றது. காப்பகத்தில் என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு, எந்தப் பதத்தில் என்று கிளம்பும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவன் கேட்டதெல்லாம் குழைந்த சோறும் பருப்பும், அவர்கள் சொல்லும் வரண்-பாத். ஒரு மாதம் மூன்று வேளையும் அதையே சமைத்தேன்.

ஜனவரியில் வேலைக்குத் திரும்புவது

விடுமுறை முடிந்ததும் டேகேரில் விட்டுவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கனடாவில் தத்தெடுத்த பெற்றோருக்கும் பெற்றோர் விடுப்புக்கான பணம் உண்டு: வழக்கமான முறையில் ஒருவருக்கு 35 வாரம் வரை, இருவரும் பகிர்ந்தால் 40 வாரம். ஒன்டாரியோவில் 63 வாரம் வரை வேலை போகாமல் விடுப்பில் இருக்கச் சட்டம் இடம்தருகிறது. இது பெற்றவர்களுக்கு மட்டும் என்று நினைத்துக் கேட்காமலே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

அன்பு உடனே வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது

இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. முதல் ஒன்றரை மாதம் எனக்கு அவன்மேல் பொறுப்பு இருந்தது, இரக்கம் இருந்தது. எல்லாரும் சொன்ன அந்தப் பாசம் வரவில்லை. பகலெல்லாம் இருட்டு, தூக்கமில்லை, வெளியே போக வழியில்லை. பெற்றவளுக்கு மட்டும் மனச்சோர்வு வரும் என்றில்லை, தத்தெடுத்தவளுக்கும் வரும். மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குத் தத்துப்போன பிள்ளைக்கு முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒரு முறையும், இரண்டாம் வருடம் 6 மாதத்துக்கு ஒரு முறையும் அறிக்கை போக வேண்டும். அந்த அறிக்கைக்காக வருகிறவரிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நடிக்காதீர்கள். உதவி கேட்க வேண்டிய ஆளே அவர்தான்.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில், காப்பகத்தில் இருந்த 136 பிள்ளைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பல வருடம் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களிடம் ஒட்டுதல் நன்றாகவே வளர்ந்தது, சின்ன வயதிலேயே போனவர்களிடம் இன்னும் நன்றாக. அதைப் படித்த இரவு நான் அழுதேன். காலம் எடுக்கும், ஆனால் வரும் என்று எண்களில் பார்த்ததில் ஒரு ஆறுதல்.

அவன் மொழியைத் துடைப்பது

முதல் நாளிலிருந்தே தமிழ் மட்டும் பேசினால் சீக்கிரம் பழகுவான் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். கேட்டிருந்தால் அவனுக்கு வலியைச் சொல்லக்கூட வாய் இல்லாமல் போயிருக்கும். ஒரு 30 வார்த்தை கற்றுக்கொண்டு போங்கள். பாணி என்றால் தண்ணீர், பூக் என்றால் பசி, துக்தய் என்றால் வலிக்கிறது. இந்த மூன்றும் எங்களைக் காப்பாற்றின.

என்னை அவன் 'மௌஷி' என்றுதான் கூப்பிட்டான். சித்தி என்று அர்த்தம், காப்பகத்தில் பார்த்துக்கொண்ட பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். 'அம்மா சொல்லு' என்று திருத்தத் திருத்த அவன் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டான். பயந்துபோய்த் திருத்துவதை விட்டேன். மௌஷி என்றாலும் "என்ன கண்ணா" என்று ஓடினேன். பிப்ரவரியில் அவனை அதிகம் வளர்த்த மௌஷியின் படத்தைச் சட்டம் போட்டு அவன் உயரத்தில் மாட்டினோம். அதற்கு ஒரு வாரம் கழித்து, படத்தைக் காட்டி மௌஷி என்றான். என்னைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு, தண்ணீர் டம்ளரைத் தள்ளிக்கொண்டே "அம்மா, நக்கோ" என்றான். வேண்டாமாம். இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கு எது வேண்டாம் என்றாலும் அந்த வார்த்தைதான்.